விளக்கடியில் மீன்: பாரும் துடுப்பும் கணியமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடல் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் பாடிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் ஒரு சங்கிடம் பேசிக் கழிக்கிறாள். கடலில் பிறந்தது திருமாலின் உதட்டைத் தொட்டுவிட்டதே என்று அதன்மேல் பொறாமைப்படுகிறாள். திருப்பாவையில் மழையைக் கூப்பிடும்போதும், கடலுக்குள் புகுந்து நீரை முகந்துகொண்டு ஏறச் சொல்கிறாள். மலையடிவாரத்து ஊர்களுக்குக் கடலோடு எப்போதும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தே வந்திருக்கிறது.

ராஜபாளையத்திலிருந்து தூத்துக்குடி நேர்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். உப்பும் மீனும் அந்தப் பக்கமிருந்து வருகின்றன. இப்போது புதிதாக ஓர் ஆசையும் வருகிறது. கடல் நடுவே தனியாக நிற்கும் ஒரு கலங்கரை விளக்கம், அதைச் சுற்றிக் கயாக் எனும் ஒற்றையாள் துடுப்புப் படகில் ஒருவர், அவர் தூண்டிலில் துள்ளும் மீன் என்று கைபேசியில் வரும் வெளிநாட்டுக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு, நம் கடலிலும் இது முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

மேலோட்டமாகப் பார்த்தால் பொழுதுபோக்குக் கேள்வி. உள்ளே போனால் ஐந்து கேள்விகள். விளக்கம் நிற்கும் இடத்தில் மீன் ஏன் கூடுகிறது? நம் கடலில் அப்படிப்பட்ட இடம் எது? அங்கே போகச் சிறு கலம் போதுமா? போனவர் திரும்ப என்ன தெரிந்திருக்க வேண்டும்? அந்த மீன் யாருக்கு உரியது? இந்த ஐந்தையும் வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீன் தேடி வருவது கல்லை

கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கு மீன் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒளிக்கு மீன் வருவது உண்மைதான். இரவில் படகில் விளக்கைக் கட்டிக் கணவாயையும் சிறுமீனையும் திரட்டும் முறை உலகெங்கும் உண்டு. ஆனால் கலங்கரை விளக்கத்தின் கண்ணாடி வில்லைகள் ஒளியைத் தொடுவானத்தை நோக்கி வீசவே அமைக்கப்பட்டவை. கோபுரத்தின் காலடி நீர் பெரும்பாலும் இருட்டாகவே கிடக்கும். விளக்கடியில் இருட்டு என்று நம்மவர்கள் சொன்னது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

மீனை இழுப்பது விளக்கம் நிற்கிற கல். மணலும் சேறுமாகப் பரந்த கடலடியில் ஒரு பாறையோ கட்டுமானமோ எழுந்து நின்றால் ஓடும் நீர் அதில் மோதுகிறது. மோதிய நீர் மேலேறிச் சுழல்கிறது. அடியிலிருக்கும் சத்தையும் மிதவை உயிர்களையும் கிளறிவிடுகிறது. கல்லின் மேல் பாசியும் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளர்கின்றன. அவற்றைக் கடித்துத் தின்னச் சிறுமீன் வரும். இடுக்கில் ஒளிந்துகொள்ள நண்டும் சிங்கி இறாலும் வரும். அவற்றுக்காகக் கலவா குகைக்குள் காத்திருக்கும். நீரோட்டம் மோதும் முனையில் பாரை மீனும் ஊளியும் வட்டமிடும்.

கண்மாய்க்காரர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாய் ஆனாலும் வேறெந்தக் கண்மாய் ஆனாலும், தூண்டில் போடத் தெரிந்தவர் நடு நீரில் போடமாட்டார். மடையடியிலும், கலுங்கில் நீர் விழும் இடத்திலும், மூழ்கிக் கிடக்கும் கருவேல மரத்தடியிலும்தான் போடுவார். ஓடும் நீரும் ஒதுங்க மறைவும் சேரும் இடத்தில் மீன் சேரும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் இருக்கும் இந்த விதிதான் கடலில் கலவாவுக்கும் விளமீனுக்கும்.

விளக்கம் கரையில், பார் கடலில்

அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் கலங்கரை விளக்கங்கள் பல நீருக்குள்ளேயே நிற்கின்றன. 1875ல் கட்டப்பட்ட தாமஸ் பாயின்ட் விளக்கம், கடலடி மண்ணில் திருகி இறக்கிய இரும்புக் கால்களின் மேல் ஒரு வீடுபோல நிற்கிறது. அடியில் அலையைத் தடுக்கக் கொட்டிய கற்குவியலில் மீன் தங்குகிறது. அங்கே கயாக் ஓட்டுகிறவர் விளக்கத்தை நோக்கித் துடுப்புப் போட்டால் மீனிடம் போய்விடலாம். அடையாளமும் மீனிடமும் ஒன்றே.

தென்னாசியாவில் இதற்கு ஈடான இடம் இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கு அப்பால் இருக்கிறது. கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே கடலுக்குள், தண்ணீர் மட்டத்தில் தலைகாட்டும் பாறைத் தொடரில் கிரேட் பாசஸ் விளக்கம் 1873லும், லிட்டில் பாசஸ் விளக்கம் 1878லும் ஏற்றப்பட்டன. கிரேட் பாசஸ் பாறைகளை அங்குள்ளவர்கள் இராவணன் கோட்டை என்று சொல்வார்கள். 1961ல் அந்தப் பாறைகளுக்கிடையே ஔரங்கசீப் காலத்து வெள்ளிக் காசுகளைச் சுமந்துவந்து மூழ்கிய கப்பல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் அதைத் தனி நூலாகவே எழுதினார். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே, மார்ச், ஏப்ரலை ஒட்டிய சில வாரங்கள்தான் அங்கே கடல் அடங்கிக் கிடக்கும். மற்ற நாளில் சிறு கலம் நெருங்குவது தற்கொலைக்குச் சமம்.

தமிழகக் கரைக்கு வந்தால் நிலைமை வேறு. மணப்பாட்டில் விளக்கம் கடலோர மணல்மேட்டில் நிற்கிறது. முட்டத்தில் பாறை முனையில் நிற்கிறது. தூத்துக்குடி முயல் தீவின் விளக்கம் ஒருகாலத்தில் கடல் சூழ நின்றது. 1974ல் பெருந்துறைமுகம் வந்த பிறகு அந்தத் தீவு கரையோடு இணைந்துவிட்டது. தீவு என்ற பெயர்தான் மிச்சம். துறைமுக எல்லைக்குள், கப்பல் வரும் தடத்தில் துடுப்புப் படகில் தூண்டில் போட எவரும் அனுமதிக்கமாட்டார்கள்.

அப்படியானால் நம் கடலில் மீன் கூடும் கல் எங்கே? கரையிலிருந்து தள்ளி நீருக்கடியில் இருக்கிறது. அதற்குக் கடற்கரைத் தமிழ் வைத்த பெயர் ‘பார்’. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி விளைந்த திட்டுகளும் பார்கள்தாம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் முத்துக்குளிப்பு வரலாற்றில் புகழ்பெற்றது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. முத்து போன பின்னும் பார் இருக்கிறது, மீன் இருக்கிறது.

செசபீக்கில் விளக்கம் மீன் இருக்கும் கல்லின் மேலேயே நிற்கிறது. நம் கரையில் அது தரையில் நின்றபடி, கண்ணுக்குத் தெரியாத கல்லுக்கு வழிகாட்டுகிறது. வெளிநாட்டு முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு முதல் காரணம் இதுதான். அங்கே கண் போதும். இங்கே கணக்கு வேண்டும்.

கட்டுமரம், தெப்பம், கயாக்

கயாக் வடதுருவத்தை ஒட்டி வாழும் மக்களின் கலம். மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, இடுப்புவரை மூடி, சீல் வேட்டைக்குப் போனார்கள். இன்று மீன்பிடிக்க விற்கப்படும் பிளாஸ்டிக் கயாக்குகளில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. அவை மேலே திறந்தபடி உட்காரும் வகை. தளத்தில் துளைகள் இருக்கும். அலை ஏறினால் நீர் துளை வழியே வழிந்துவிடும், கலம் மூழ்காது. கலிபோர்னியக் கடற்கரையில் 1970களில் இந்த வடிவம் உருவானது.

தமிழ்க் கடற்கரைக்கு இந்த எண்ணம் மிகப் பழையது. கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. இலேசான மரத்தடிகள் சிலவற்றைச் செதுக்கி, சேர்த்து, கயிற்றால் பிணைத்ததே கலம். அலை மேலேறி இடுக்கு வழியே கீழிறங்கிவிடும். நிரம்ப இடமில்லாததால் மூழ்க வழியில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைக் காயப் போடலாம். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697ல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்தக் கலத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே குறித்தார். பின்னாளில் அந்தப் பெயர் மேலைநாட்டு மொழிகளில் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920ல் எழுதிய ஆய்வில் கட்டுமரத்தின் வகைகளை ஊர் ஊராகப் பிரித்துக் காட்டினார்.

மலையடிவாரத்து வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடற்கரை மணலில் கட்டுமரத்துக்கான மரம் விளையாது. அல்பீசியா போன்ற இலேசான மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்தே இறங்கின. கடலோடியின் காலடியில் மிதந்தது மலை தந்த மரம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் பெருகின. வெளிப்பொருத்து எஞ்சின் கூடவே வந்தது. கட்டுமரம் வேகமாக ஒதுங்கியது. ஆனால் ஒற்றையாள் கலம் என்ற தேவை ஒழியவில்லை. ராமநாதபுரம் கரையோரம் தெர்மாகோல் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே வலையோ சாக்கோ சுற்றி, அதையே தெப்பமாக்கிக் கணவாய்க்கும் நண்டுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்ச் செலவில்லை, ஆள்கூலி இல்லை, துடுப்பு ஒன்றுதான். ஆக, நம் கடலில் கயாக் மீன்பிடிப்பு இனிமேல் வரவேண்டிய ஒன்றல்ல. ஏழைகளின் கையில் வேறு பெயரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் வண்ணக் கயாக்கும், தெர்மாகோல் தெப்பமும் பாரின் மேல் நிற்கும்போது செய்வது ஒரே வேலை.

இரண்டாம் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் இதோடு விடை கிடைக்கிறது. இடம் பார். கலம் போதும், நூற்றாண்டுகளாகப் போதுமாயிருந்தது.

கணியம்: கரையைக் கொண்டு கடலை அளப்பது

கண்ணுக்குத் தெரியாத பாரின் மேல் எப்படித் துல்லியமாக நிற்பது? கன்னியாகுமரிக் கரையில் இதற்குக் கணியம் என்று பெயர். கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்று நேராக வரும்படி பொருத்திக்கொள்வார்கள். கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னே ஒரு மலைமுடி என்பது ஒரு கோடு. பக்கவாட்டில் தேவாலயச் சிலுவைக்கு நேராக ஒரு பனைக்கூட்டம் என்பது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் கலம் நின்றால் அடியில் பார். அளவைக் கருவிகள் செய்வதை இரண்டு கண்களால் செய்வது இது.

இதில் உயரத்தின் பங்கைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீருக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் என்று வைத்தால், அவருக்குத் தொடுவானம் மூன்றரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் போனால் கரை மணல் மறையும். 30 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சி சுமார் 23 கிலோமீட்டர் வரை தெரியும். 1,654 மீட்டர் உயர மகேந்திரகிரியோ, பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுத்தால், 145 கிலோமீட்டருக்கு அப்பாலும் தலைகாட்டும். பகலில் தென்கடலின் ஆகப்பெரிய கலங்கரை விளக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

ராஜபாளையத்துக்கு மேற்கே 1,500 மீட்டரைத் தாண்டி நிற்கும் முடிகளும் இந்தக் கணக்குப்படி தூத்துக்குடிக் கடலிலிருந்து தெரிய வேண்டும். கணக்கு இடம் தருகிறது. சமவெளியின் புழுதியும் மூட்டமும் பெரும்பாலும் இடம் தருவதில்லை. மலை பக்கத்திலேயே இருக்கும் குமரிக் கரையில் அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் கணியக் கலை அங்கே செழித்தது.

ஒரு பாரின் கணியம் குடும்பச் சொத்துப் போன்றது. தகப்பன் மகனுக்குச் சொல்வான், அடுத்த மரத்துக்காரனுக்குச் சொல்லமாட்டான். மீனை அந்த இரகசியமும் காத்தது. பாரைத் தெரிந்தவர் சிலர், தெரிந்தவரும் துடுப்பில்தான் போக வேண்டும், கையில் தூண்டில்தான். ஜி.பி.எஸ். கருவியும் எதிரொலிக் கருவியும் வந்தபோது இந்தப் பூட்டு உடைந்தது. இன்று ஒருவர் பாரைக் கண்டால் எண்களாக அது பத்துப் பேருக்குப் போகிறது. அந்தப் பத்துப் பேரில் விசைப்படகுக்காரரும் உண்டு. எண்ணைக் கொண்டு பாருக்குப் போகலாம். நீரோட்டம் எந்தப் பக்கம், இன்றைக்கு நங்கூரம் பிடிக்குமா, எப்போது திரும்ப வேண்டும் என்பவற்றை எண் சொல்லாது. கணியம் பார்த்தவன் அவற்றையும் சேர்த்தே பார்த்தான்.

செங்கோட்டையில் புறப்படும் காற்று

துடுப்புக் கலத்துக்கு முதல் எதிரி அலை என்று நினைப்பார்கள். காற்றுதான் முதல் எதிரி. சாதாரணமாகத் துடுப்புப் போடுகிறவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போவார். மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள பாருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் போகும் வழி இனிக்கும். அந்த இனிப்பில்தான் ஆபத்து. திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும்; களைத்த கை இரண்டு மணி நேரத்திலும் கரை சேராது.

ஆனி, ஆடி மாதங்களில் தூத்துக்குடிக் கரையில் நடப்பது இதுதான். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் இறங்கி, கயத்தாற்றுச் சமவெளியின் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, மேற்கிலிருந்து கடலுக்குள் பாய்கிறது. கடற்கரையில் அது கச்சான். அம்மியையும் பறக்கவிடும் என்று பேரெடுத்த அதே ஆடிக் காற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடும் நாளில் வீதியில் மணல் பறக்கிறதென்றால், அன்று மன்னார் வளைகுடாவில் துடுப்புக் கலம் கரையை விட்டு நகரக் கூடாது. கடலுக்குக் கிளம்பும் முன் ராஜபாளையத்துக்காரர் தம் வீட்டு மாடியிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய முன்னறிவிப்பு இது.

மலைக்காரருக்குக் கணவாய் என்றால் வழி, கடற்கரைக்காரருக்கு அது மீன். ஒரு கணவாயைப் பிடிக்கப் போகிறவர் இன்னொரு கணவாயை அறிந்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவத்தில் வேறு கதை. கண்மாயை நிரப்பும் மழையோடு புயலும் வரும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலோடிகளைக் கடலிலேயே வைத்துத் தாக்கியது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் இருந்தவர்களே திரும்பாத நாட்கள் அவை. காற்றே இல்லாத நாளிலும் தொலைவில் எழுந்த பேரலை கரையில் வந்து புரள்வதுண்டு. அதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் இப்போது அதற்கும் எச்சரிக்கை தருகிறது. உயிர்காப்புச் சட்டை, நீர் புகாத உறையில் கைபேசி, துடுப்பைக் கலத்தோடு கட்டிய கயிறு, குடிநீர், கரையில் நம் திரும்பும் நேரம் அறிந்த ஓர் ஆள்: இந்த ஐந்தும் இல்லாமல் இறங்குவது வீரம் ஆகாது. கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554.

யாருடைய பார்?

இனி கடைசிக் கேள்வி. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் பக்கம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கணக்கிடப்பட்டன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள்தாம் அந்தக் கடலின் மிகச் செழித்த பார்கள். 1986ல் அந்தத் தீவுகளும் சுற்றுநீரும் 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. பூங்கா எல்லைக்குள் மீன்பிடிக்கத் தடை. பவளக் கல்லை வெட்டி எடுத்த பழைய வழக்கமும் கடல் அரிப்பும் சேர்ந்து பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகளை நீருக்கடியில் கொண்டுபோய்விட்டன. வான் தீவைக் காக்க அதைச் சுற்றிச் செயற்கைப் பார்க் கட்டைகள் இறக்கப்பட்டிருக்கின்றன.

சதுரகிரிக்கு ஏற எந்த நாளில் அனுமதி உண்டு என்று விசாரித்துப் போகிற மக்கள் நாம். 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தபின் காட்டு எல்லை எது என்பதும் நமக்குத் தெரியும். கடலிலும் அதே போல எல்லை உண்டு. வேலியும் பலகையும் தெரியாததால் அது இல்லையென்று ஆகிவிடாது. கடலட்டை, கடற்குதிரை போன்றவற்றைப் பிடிப்பதே குற்றம்.

பூங்காவுக்கு வெளியே உள்ள பார்களுக்கு 1983ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் கடலுக்குப் போவது நாட்டுப்படகும் வத்தையும் தெப்பமும்தான். ஏட்டில் பார்த்தால் கரைக்கடல் துடுப்புக்காரருக்கு. நடப்பில் இழுவை மடி உள்ளே வந்து பாரையே சுரண்டிப் போகிறது என்பது நாட்டுப்படகு மீனவரின் தீராத முறையீடு.

ஆய்வாளர்களிடையே இன்னொரு வழக்கு நடக்கிறது. பார் மீனைப் பெருக்குகிறதா, அல்லது சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடக்கும் மீனைத் திரட்டித் தந்து எளிதில் பிடிபட வைக்கிறதா? தென்கேரளக் கட்டுமர மீனவர்கள் தங்கள் சொந்த முயற்சியில் கல்லும் சிமென்ட் வளையமும் இறக்கிச் செயற்கைப் பார் அமைத்ததைப் பொருளியலாளர் ஜான் குரியன் 1995ல் விரிவாக எழுதினார். இழுவை மடியால் அழிந்த பாரை மீட்கவும், போட்ட கல்லில் மடி சிக்கும் என்று விசைப்படகை விலக்கவும் அவர்கள் அதைச் செய்தார்கள். பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முதலியவை தமிழகக் கரையிலும் செயற்கைப் பார்களை இறக்கின.

பெருக்கமா திரட்டலா என்ற வழக்கில் என் முடிவு, கல்லைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது, கருவியைப் பார்த்தே தீர்க்க வேண்டும் என்பது. தூண்டிலோடு பத்துப் பேர் வரும் பார் மீன் வளரும் இடம். வலையோடு ஒருவர் வந்தாலும் அதே பார் மீன் திரண்டு அழியும் இடம். கலவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இனத்தின் பல வகைகள் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பின் ஆணாக மாறுகின்றன. பாரில் ஆகப் பெரிய கலவாக்களை வழித்தெடுத்தால் மிஞ்சுவது ஆணில்லாத கூட்டம். அவை மெதுவாக வளர்பவை, ஒரே குகையில் நிலைத்துத் தங்குபவை. ஒரு பாரில் போனது அடுத்த வாரமே நிரம்பிவிடாது.

ஆகவே பொழுதுபோக்குத் தூண்டில்காரரும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்தான். அவர் ஒருவர்தான், துடுப்புதான், தூண்டில்தான் என்றாலும், பிடித்த இடத்தைப் படமெடுத்து எண்ணோடு ஊருக்குச் சொன்னால் ஒரு குடும்பத்தின் கணியத்தை ஒரே நாளில் ஏலம் விட்டவர் ஆகிறார். அவருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் குடும்பத்துக்கு அது தடைக்காலத்திலும் உலை கொதிக்க வைக்கும் மீன்பாடு.

எங்கிருந்து தொடங்குவது

ஆசை தவறில்லை. படிக்கட்டு வேண்டும். முதல் படி நம் ஊரிலேயே இருக்கிறது. கண்மாய் மீன்பிடி உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுவது. குத்தகைதாரரைக் கேட்டு, நீர் நிறைந்த தை, மாசி மாதங்களில் கண்மாயில் துடுப்புப் பழகலாம். கவிழ்ந்தால் நீரிலிருந்தே மறுபடி ஏறுவது எப்படி, எதிர்க்காற்றில் கை எவ்வளவு நேரம் தாங்கும், தூண்டிலில் மீன் இழுக்கும்போது கலம் எப்படித் திரும்பும் என்பவை கண்மாயிலேயே தெரிந்துவிடும். லாரி டியூபில் மிதந்தபடி வலை விரிக்கும் நம்மூர்க்காரரிடமும் இதில் கற்க நிறைய உண்டு.

இரண்டாம் படி அடங்கிய கடல்நீர். ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் துடுப்புப் படகு உண்டு. பிரப்பன்வலசைக் கரையிலும் நீர் விளையாட்டுப் பயிற்சி நடக்கிறது. அங்கே தூண்டிலை மறந்துவிட்டு, அலையையும் நீரோட்டத்தையும் மட்டும் கற்க வேண்டும்.

மூன்றாம் படிதான் பார். அங்கே தனியாகப் போகக் கூடாது. அந்தக் கரையின் நாட்டுப்படகு மீனவர் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, அவர் கலத்தில், அவர் சொல்லும் இடத்தில், அவர் திரும்பச் சொல்லும் நேரத்தில் திரும்புவதே முறை. பணம் கொடுத்ததால் நாம் முதலாளி ஆகிவிடுவதில்லை. கடலில் அவர் அண்ணாச்சி, நாம் கற்றுக்குட்டி. அவர் காட்டிய இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளாமல் இருப்பது அவருக்கு நாம் தரும் மரியாதை. சிறுமீனையும் மிகப் பெரிய கலவாவையும் நீரிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்கு வேண்டிய அளவோடு நிறுத்துவது பாருக்குத் தரும் மரியாதை.

முடிவாக

ஐந்து கேள்விகளுக்கும் விடையைச் சுருக்கிச் சொல்லலாம். மீன் கூடுவது ஒளிக்காக அல்ல, கல்லுக்காக. நம் கடலில் அந்தக் கல் பார். அங்கே போகத் துடுப்புக் கலம் போதும், இலங்கைக் கரை முதல் குமரிக் கரை வரை பருவம் மட்டும் ஒத்துழைக்க வேண்டும். திரும்பி வரக் காற்றும் கணியமும் தெரிந்திருக்க வேண்டும், அதை விற்கும் கடை இல்லை. ஐந்தாவதாக, சட்டம் மூன்று கடல் மைலை யாருக்காக ஒதுக்கியதோ அவர்களுக்கே கரைக்கடலின் பார்கள் உரியவை. விசைப்படகை அந்த எல்லைக்கு வெளியே நிறுத்துவது அரசின் வேலை. 1983லேயே எழுதி வைத்த வேலை. எல்லைக்குள் விருந்தாளியாக நடந்துகொள்வது நம் வேலை.

மரத்தையும் காற்றையும் மலைமுடியையும் நம் பக்கத்து மலை கடலுக்குத் தந்தது. மழையையும் மீனையும் சங்கையும் உப்பையும் கடல் நமக்குத் தந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நாம் இனிச் சேர்க்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஆடியில் தேர்வடம் தொடும்போது மேற்கிலிருந்து காற்று முகத்தில் அடித்தால், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அன்று கயாக்கைக் கட்டி வையுங்கள்.